வாய்ப்பாட்டில் ஒரு ‘சா’

எங்கள் குவார்ட்டர்ஸ் ஹாலில் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிற இடம்தான் வீட்டிலேயே நல்ல இடம். என் அக்கா இடுப்பெலும்பு முறிந்து வந்தபோது அங்கேதான் இரும்புக் கட்டிலைப் போட்டோம். அதுவரை அந்த இடம் மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளுடையது. பாயை விரித்து, வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்து வீட்டுப்பாடம் எழுதுவாள். இடம் போனாலும் காற்றை விட அவளுக்கு மனசில்லை. கட்டில் காலுக்குப் பக்கத்திலேயே பாயைப் போட்டுக்கொண்டாள். பிறகு நடந்தது எல்லாவற்றுக்கும் அந்த மின்விசிறிதான் காரணம் என்று நான் சொன்னால் என் மனைவி ஒப்புக்கொள்ள மாட்டாள். காரணம் நான்தான் என்பது அவள் கட்சி.

அக்கா சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருப்பவள். மாமா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறான். மழை பெய்த மறுநாள் வாசலில் வழுக்கி விழுந்தாள். கடலூரில் அறுவை சிகிச்சை செய்து உள்ளே தகடு வைத்தார்கள். ஆறு வாரம் அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது, ஊன்றினால் தகடு விலகும், விலகினால் அப்புறம் நடையை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் என்னை நிற்க வைத்துச் சொன்னார். அக்கா வீட்டில் தண்ணீர் தெருமுனைக் குழாயில், கழிப்பறை கொல்லையின் கோடியில். தனியாக இருந்தால் காலை ஊன்றாமல் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது. எங்கள் வீட்டில் இருந்தால் நடப்பாள், அவள் வீட்டுக்குப் போனால் நடக்க மாட்டாள். இதில் குழம்புவதற்கு ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்குத் தெரியாது என்று சொல்ல வராது. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் வேலை. காண்ட்ராக்டாக நுழைந்து பர்மனென்ட் ஆனவன். பெல்ட் ஏன் நின்றது என்று யார் கேட்டாலும், போய்ப் பார்ப்பதற்கு முன்பே ஒரு காரணத்தைச் சொல்லிவிடுவேன். பாதி நேரம் அது தப்பாக இருக்கும். எங்கள் அப்பா அம்மாவோடு அக்காவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுத்தான் நான் ஐடிஐ வரைக்கும் போனேன். அதனால் அவளுக்கு என் மேல் ஒரு நம்பிக்கை. எதைக் கேட்டாலும் தம்பிக்குத் தெரியும் என்பாள். அந்த நம்பிக்கை எனக்கு இனித்தது என்பதை மறைப்பதில் பிரயோசனம் இல்லை.

முதல் வாரம் நன்றாகத்தான் போனது. அடுத்த வாரம் எனக்கு செகண்ட் ஷிஃப்ட். மதியம் கிளம்பினால் எல்லாரும் தூங்கிய பிறகுதான் வீடு. அந்த வாரக் கடைசியில் ஒரு காலை, நான் டீயை ஆற்றிக் கொடுத்தபோது அக்கா தம்ளரை வாங்காமல் சொன்னாள்.

“தம்பி, என்ன எங்க வூட்டுல கொண்டும்போயி வுட்டுடு.”

ஏன் என்று கேட்டேன். சும்மாதான் என்றாள். காலையில் சும்மாதான் என்ற பதில், மத்தியானம் கேட்டாலும் அதேதான். என் மண்டை காய ஆரம்பித்தது. சாப்பாடு பிடிக்கவில்லையா என்றால் நல்லாருக்கு என்றாள். பெட்பேன் வைப்பதில் கூச்சமா என்றால், அதெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே போயிடுச்சு என்றாள். அடுத்த குவார்ட்டர்ஸ் பெண்கள் வந்து ஏதாவது பேசினார்களா என்றால், அவர்கள் பாவம் பலாச்சுளை கொண்டுவந்து கொடுத்தார்கள் என்றாள். இத்தனை கேட்டும் விடை வராதபோது மனிதனுக்கு ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். சமையலறைக்குப் போய் மனைவியிடம், அக்காவை நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். இரண்டு வாரமாக அக்காவின் தலையை வாரி, துணியைத் துவைத்து, முதுகில் புண் வராமல் பவுடர் போட்டுவிட்டவள் அவள். நான் ஒரு நாள்கூடச் செய்ததில்லை. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசுவதை மகள் மூலமாக வைத்துக்கொண்டாள். “அப்பாவச் சாப்பிட வரச் சொல்லு” என்று அவள் சொல்வது என் காதில் விழும். மகள் வந்து அதையே என்னிடம் சொல்லும்வரை நான் காத்திருப்பேன்.

அடுத்த வாரம் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வந்தது. மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து தூங்கிப்போனேன். எழுந்தபோது விளக்கு வைக்கிற நேரம். மனைவி சாமி படத்துக்கு முன்னால் தீக்குச்சியைக் கிழித்துக்கொண்டிருந்தாள். மகள் பாயில் சம்மணம் போட்டு, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்கே உரிய அந்த ராகத்தில்.

“செவன் ஒன்சா செவன். செவன் டூசா ஃபோர்டீன். செவன் த்ரீசா ட்வென்ட்டி ஒன்.”

அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தாள். அப்படித் திரும்புவதற்கு அவளுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். முந்தானையை இழுத்துக் காதை மூடியிருந்தாள். மகள் ஒவ்வொரு வரியையும் முடிக்கும்போது அக்காவின் கை கட்டில் சட்டத்தை இறுக்கியது. தலை வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து, மகளை உள்ளே போய்ப் படிக்கச் சொன்னேன். பக்கத்தில் போய் என்ன செய்கிறது என்று கேட்டேன்.

அக்கா மெதுவாகத்தான் கேட்டாள்.

“பாப்பா யாரப் பாத்துத் தம்பி சொல்லுது?”

“எதக்கா?”

“அதான். சா, சான்னு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கக்கூட முயற்சி செய்யவில்லை. அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது. அக்கா முகம் மாறவில்லை. நான் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். பிறகு, தான் ஒன்றும் விவரம் கெட்டவள் இல்லை என்றாள். அது பள்ளிக்கூடத்துப் பாடம், குழந்தை மேல் தப்பில்லை என்று தெரியுமாம். ஆனால் விளக்கு வைக்கிற நேரத்தில், காலை ஒடித்துக்கொண்டு கிடக்கிறவளின் தலைமாட்டில் உட்கார்ந்து, ஒரு பச்சைப் பிள்ளை தினமும் சா சா என்று ஆடி ஆடிச் சொன்னால், தன்னைப் பார்த்துத்தான் சொல்கிறது போலிருக்கிறதாம். நேற்று ஆறு, இன்றைக்கு ஏழு, நாளைக்கு எட்டு என்று அது ஏறிக்கொண்டே போகிறதாம்.

“சரி, பாடந்தான. அந்த சாவுக்கு இன்னா அர்த்தம்? அத மட்டும் சொல்லிடு. நான் பாட்டுக்கும் கெடக்கறன்” என்றாள்.

வாயைத் திறந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, தப்பான பதில்கூட வரவில்லை. நானும் ஐடிஐயில் அதைச் சொன்னவன்தான். இன்றைக்கும் கணக்குப் போடும்போது மனசுக்குள் சொல்லிக்கொள்கிறவன்தான். அதற்கு ஒரு அர்த்தம் இருக்கும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. கடைசியில், “பெருக்கல்க்கா” என்றேன்.

“பெருக்கறதா? வூடு பெருக்கறதா?”

“இல்லக்கா, கணக்குல பெருக்கறது.”

“பெருக்கறதுக்கு எதுக்குத் தம்பி சாவணும்?”

விசாரித்துச் சொல்கிறேன் என்று எழுந்துகொண்டேன். உடனே ஒரு வேலையும் செய்தேன். இனிமேல் இந்த வீட்டில் வாய்ப்பாடு சொல்லக் கூடாது என்று மகளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். வெள்ளிக்கிழமை மிஸ் கேட்பார்கள், பத்து வரைக்கும் சொல்ல வேண்டும் என்றாள். மனசுக்குள் சொல்லு என்றேன். மனசுக்குள் சொன்னால் ராகம் வராது, ராகம் இல்லாவிட்டால் கணக்கு வராது என்றாள். அவள் சொன்னது சரிதான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சரி, சா என்றால் என்ன என்று அவளிடமே கேட்டேன். “சான்னா சாதாம்பா” என்றாள். இது கூடத் தெரியாதா என்பது போல் என்னைப் பார்த்தாள்.

மனைவி பி.காம். படித்தவள். மகள் வழியாகக் கேட்டு அனுப்பினேன். சா என்றால் ஈக்வல் டூ என்று பதில் வந்தது. மனசு கொஞ்சம் லேசானது. ஆனால் மகள் அங்கேயே நின்றாள். ஈக்வல் டூவுக்கு ஈக்வல் டூ என்றுதானே சொல்வோம், எட்டும் ரெண்டும் ஈக்வல் டூ பத்து, அங்கே ஏன் சா வருவதில்லை என்று கேட்டாள். சமையலறையில் மிக்ஸி ஓடத் தொடங்கியது. மறுநாள் ஷிஃப்ட் முடிந்து மகளைக் கூப்பிடப் பள்ளிக்கூட வாசலில் நின்றபோது அவளுடைய மிஸ்ஸைப் பார்த்தேன். சின்னப் பெண். மரியாதையாகத்தான் கேட்டேன். இண்ட்டு சார் என்றார். அப்போது இண்ட்டு என்றே சொல்லித் தரலாமே என்றேன். டேபிள்ஸ் சொல்லும்போது சா, கணக்குப் போடும்போது இண்ட்டு என்றார். ஏன் என்றேன். அவருக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த இரும்புக் கேட்டை அவர் ஒரு தடவை பார்த்தார். என் மகளின் படிப்பைப் பற்றிப் புகார் சொல்ல வந்திருக்கிறேன் என்று பயந்துவிட்டார் போலிருக்கிறது. அவரை மேலும் படுத்தாமல் வந்துவிட்டேன்.

அக்காவிடம் போய், அது சமம் என்று ஒருவர் சொல்கிறார், பெருக்கல் குறி என்று இன்னொருவர் சொல்கிறார் என்றேன். அவள் கேட்டுக்கொண்டாள். ஒரே வார்த்தைக்கு ஆளுக்கொரு அர்த்தம் சொன்னால், யாருக்கும் தெரியவில்லை என்றுதானே தம்பி அர்த்தம் என்றாள். பள்ளிக்கூடமே போகாதவள்.

மறுநாள் கேன்டீனில் எங்கள் செக்‌ஷன் இன்ஜினியர் அகப்பட்டார். பீகார்காரர். தமிழை ஓரளவுக்குப் பேசுவார், இட்லியை முழு மனதாகச் சாப்பிடுவார். உங்கள் ஊரில் டூ டூசா ஃபோரை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். டூ டூ ஜா ஃபோர் என்றார். எனக்கு உயிர் வந்தது. அங்கேயும் இருக்கிறதென்றால் அதற்கு ஏதாவது அர்த்தம் இருந்தே தீர வேண்டும். ஜா என்றால் என்ன சார் என்று கேட்டேன். சாம்பாரில் ஊறிய இட்லியை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார். இந்தியில் ஜா என்றால் போ. இரண்டு, இரண்டு தடவை போனால் நாலு வரும், அதனால் ஜா என்று இருக்கலாம் என்றார். சொல்லிவிட்டு, இல்லையே, இது இங்கிலீஷ் ஆயிற்றே, இங்கிலீஷில் இந்தி எப்படி வரும் என்று அவரே குழம்பினார். இத்தனை வருடம் இதை யோசித்ததே இல்லை என்று என்னையே குற்றம் சொல்வது போல் சொன்னார். அன்றைக்கு அவர் இரண்டாவது காபி வாங்காமலே எழுந்து போனார்.

எனக்குத் தலை சுற்றியது. தமிழில் கேட்டால் சா, இந்தியில் கேட்டால் போ. இதை எந்த வாயால் அக்காவிடம் சொல்வது? அன்று மாலை கடைக்குப் போகிறேன் என்று வெளியே நழுவிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்கு வந்தபோது குளியலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம். கதவு சாத்தியிருந்தது. மனைவி மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கதவில் காதை வைத்தேன். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் மகள் எட்டாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுநடுவே விசும்பல். அன்றைக்கு வகுப்பில் ராகம் வராமல் ஏழிலேயே தடுக்கி நின்றுவிட்டாளாம், திங்கட்கிழமை மறுபடி கேட்பதாக மிஸ் சொல்லியிருக்கிறார்.

ஹாலில் படுத்திருந்த அக்காவுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. பிள்ளை தன்னால் கக்கூசில் உட்கார்ந்து படிக்கிறது என்றாள். இனிமேல் தனக்கு அர்த்தமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றாள். ஊரில் ஆம்னி வேன் வைத்திருக்கிறவருக்குப் போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது, நாளைக்குச் சாயங்காலம் விளக்கு வைக்கிறதுக்குள் வந்து அழைத்துக்கொண்டு போவார் என்றாள்.

கால் என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். அதையும் சொன்னாள், ஒரு வார்த்தை பிசகாமல். உன் மகன் வந்து என்னைத்தான் கேட்பான் என்றேன். அவன் கேட்க மாட்டான் என்றாள். மனைவி வந்தாள். “உங்க இஷ்டம் அண்ணி” என்று மட்டும் சொன்னாள். அந்தக் குரல் உடைந்துதான் இருந்தது, ஆனால் சொன்னது அவ்வளவுதான். நாலு நாளாக ஒரு அற்ப வார்த்தைக்காக ஊரெல்லாம் அலைந்தவன் நான். கோபம் தலைக்கு ஏறியது.

“போறதுன்னா போ” என்றேன்.

அக்கா தலையாட்டினாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். டவுன்ஷிப் ரோடுகள் எல்லாம் நேராக இருக்கும், எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு ரவுண்டானாவில் கொண்டுபோய் விடும். மூன்று ரவுண்டானாவைச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கோபம் இறங்கவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை பெல்ட்டுக்கு மாற்ற ரோலர் எடுக்க ஸ்டோருக்குப் போனேன். ஸ்டோர் கீப்பர் ஒரு பெண், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கான்வென்ட் ஹாஸ்டலில் வளர்ந்தவர், கணக்கில் கறார். ரோலர்களை வரிசைக்கு எட்டாக ஆறு வரிசை அடுக்கியிருந்தார்கள். அவர் பேனாவால் காற்றில் தொட்டுத் தொட்டு எண்ணி, வாய்க்குள் முணுமுணுத்தார்.

“சிக்ஸ் எய்ட்ஸ் ஆர் ஃபார்ட்டி எய்ட்.”

ரோலரைத் தூக்கப் போன நான் அப்படியே நின்றேன். மேடம், இப்போது சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன். எண்ணிக்கையில் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்து முதலிலிருந்து எண்ணினார். எண்ணிவிட்டு, “நாப்பத்தெட்டுதாண்ணே இருக்கு” என்றார். எண்ணிக்கை இல்லை, வாய்ப்பாடு என்றேன். கேலி செய்கிறேனோ என்று ஒரு கணம் பார்த்தார். நான் கேலி செய்கிற நிலையில் இல்லை என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். வேலைக்கு நடுவில் நின்று, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“டூ. டூஸ். ஆர். ஃபோர்.”

ஒரு டூ இருந்தால் டூ. இரண்டு டூ இருந்தால் டூஸ், அதாவது ரெண்டுகள். ரெண்டு ரெண்டுகள் ஆர் நாலு. டூஸில் வாலாக இருக்கிற ஸ்ஸும் அடுத்து வருகிற ஆரும் சேர்ந்து, ஓட்டமாகச் சொல்லும்போது டூசா ஆகிவிட்டது. அதை விளக்கும்போதே வேகமாகச் சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தடவை அவர் வாயிலேயே டூசா என்று வந்துவிட்டது. அவருக்கே சிரிப்பு. ஹாஸ்டலில் இப்படி இழுத்துச் சொன்னால் சிஸ்டர் பிரம்பை எடுப்பார்களாம்.

அப்படியானால் சா என்று ஒரு வார்த்தையே கிடையாது. ஒன்றின் வாலும் இன்னொன்றின் தலையும் ஒட்டிக்கொண்டு, ஊர் ஊராக, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக வந்திருக்கிறது. யாரும் அதை நிறுத்தி நீ யார் என்று கேட்கவில்லை. என் அக்காதான் கேட்டிருக்கிறாள்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஷிஃப்ட் பஸ்ஸில் உட்கார்ந்ததும் அடுத்த குழப்பம் தொடங்கியது. வார்த்தை இல்லை என்றால் அவள் நம்புவாளா? தினமும் காதால் கேட்டதை இல்லை என்று எப்படிச் சொல்வது? சரி, வாலை வெட்டிவிட்டால் மிச்சம் இருப்பது ஆர். ஆர் என்றால் என்ன? தமிழ் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பார்த்தேன். ஈரெண்டு நாலு. ஆறெட்டு நாப்பத்தெட்டு. நடுவில் ஒன்றுமே இல்லை. நமக்கு அந்த இடத்தில் ஒரு வார்த்தையும் தேவைப்படவில்லை. இங்கிலீஷ்காரனுக்கு அது இல்லாமல் ஓடாது. ஸ்டோர் கீப்பர் அதற்கு ‘ஆகும்’ என்று சொன்னார். ஆனால் எனக்கு ஆறாம் வகுப்பில் வேறு மாதிரி சொல்லித் தந்தார்கள். ஐ ஆம், நான் இருக்கிறேன். ஹி இஸ், அவன் இருக்கிறான். தே ஆர், அவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆர்தானே இந்த ஆர்? அப்படியானால் அதன் அர்த்தம் இரு. சா என்று அக்கா காதில் விழுந்ததற்கு இரு என்று அர்த்தம்.

பக்கத்து சீட்காரர் என்ன அண்ணே தனியாகப் பேசுகிறீர்கள் என்றார். இதில் என் வசதிக்குக் கொஞ்சம் வளைத்துக்கொண்டேனா என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. இலக்கணம் தெரிந்த யாராவது கேட்டால் என்னைத் திட்டலாம். ஆனால் அந்தப் பஸ்ஸில் எனக்கு அது போதுமானதாக இருந்தது.

வீட்டு வாசலில் ஆம்னி வேன் நின்றது. ஓட்டி வந்தவர் மரத்தடியில் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே அக்காவைக் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்து மனைவி தலை வாரிக்கொண்டிருந்தாள். துணிமணி, மாத்திரை, எக்ஸ்ரே கவர் எல்லாம் ஒரு கட்டைப்பையில் கட்டிலை ஒட்டித் தயாராக இருந்தன. மகள் கட்டிலின் மறுபக்கம் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுது முடித்த முகம்.

நான் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். கோர்வையாக வரவில்லை. ரோலரில் ஆரம்பித்து, பிரம்பெடுத்த சிஸ்டருக்குப் போய், ரெண்டுகள் என்று சொல்லி, வால் என்று சொல்லி, நாலு தடவை குழறினேன். மகளைச் சொல்லச் சொன்னேன். செவன் டூஸ். நிறுத்து. ஆர். நிறுத்து. ஃபோர்டீன். அவள் என் கையைப் பார்த்துப் பார்த்து நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். மனைவியின் சீப்பு நின்றுவிட்டது.

“அந்த ஆர்னா இன்னா?” என்றாள் அக்கா.

“இருன்னு அர்த்தம்க்கா. அவங்க பாஷையில இரு.”

அக்கா என் முகத்தையே பார்த்தாள். பொய்யா உண்மையா என்று பார்க்கவில்லை. சிறு வயதில் நான் ஏதாவது தப்பு செய்துவிட்டு வந்தால் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

“அப்ப இத்தினி நாளா பாப்பா என்ன இரு இருன்னுதான் சொல்லிக்கினு இருந்துச்சா?”

“ஆமாக்கா.”

“சரி. அது சின்னப் புள்ள, அர்த்தம் தெரியாமச் சொல்லிச்சி. நீ இன்னா சொன்ன?”

எனக்குப் புரியவில்லை. முதலில் உண்மையாகவே புரியவில்லை. ஏன் போகிறாய் என்று கேட்டேன். சாப்பாடு பிடிக்கவில்லையா என்று கேட்டேன். கால் என்ன ஆகும் என்று கேட்டேன், டாக்டர் சொன்னதைச் சொன்னேன், உன் மகன் என்னைத்தான் கேட்பான் என்று சொன்னேன். அவள் எங்களை விட்டுப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து நான் சொன்னது அத்தனையும் வரிசையாக ஞாபகம் வந்தது. கடைசியாகச் சொன்னதும் ஞாபகம் வந்தது. இத்தனை பேச்சிலும் அந்த ஒரு வார்த்தை இல்லை. அர்த்தத்தை அவள் என்னிடம்தான் கேட்டிருக்கிறாள், நான் ஊரெல்லாம் தேடிக்கொண்டு போயிருக்கிறேன்.

வெளியே வேன்காரர் கதவைத் தள்ளித் திறக்கும் சத்தம் கேட்டது. நேரமாகிறது என்று குரல் கொடுத்தார்.

மனைவியும் மகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்லிவிட வேண்டும் என்ற அவசரத்தில், இரு என்பதையும் அக்கா என்பதையும் பிரித்துச் சொல்ல எனக்கு வரவில்லை. இரண்டும் ஒட்டிக்கொண்டு, ஒரு கேள்வி மாதிரி வெளியே வந்தது.

“இருக்கா.”

அக்கா கட்டைப்பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

“இருக்கறன்” என்றாள்.